காப்பகத்துக்கு வரமாட்டேன் என்றவர்

கேள்வி: சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எச்.ஆர். (மனிதவள) பிரிவு எடுத்தால் கம்பெனி வேலை கிடைக்கும் என்றுதான் வீட்டில் சேர்த்துவிட்டார்கள். இந்த செமஸ்டரில் களப்பணிக்கு வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பிலும் அதே பாடம்தான் ஓடுகிறது. இப்போதெல்லாம் தெருவில் நடந்தாலே கண் பிளாட்பாரத்துக்குத்தான் போகிறது. ஊருக்குப் போனால் அப்பாவோடு சண்டை. "உழைக்கிறவனுக்கு ஒரு குடிசைகூடவா கிடைக்காது?" என்று அவர் கேட்டதும் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கடை வாசலில் படுத்திருக்கும் பெரியவரைப் பல முறை போய் அழைத்தோம். "நான் வரல, நீ போம்மா" என்றுவிட்டார். தோற்றுப்போன மாதிரி இருக்கிறது. ஒரு பாடம் ஒருத்தியை இப்படி மாற்றுவது நல்லதா? இந்த வேலைக்கு நான் லாயக்குதானா? இரண்டாம் ஆண்டில் எச்.ஆரை விட்டுவிட்டு மருத்துவ, மனநலப் பிரிவுக்கு மாறலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் வரமாட்டேன் என்றார், நீங்கள் தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் வரமாட்டேன் என்றார் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. கேட்டீர்களா? கேட்கவில்லை என்றாலும் குற்றமில்லை. களப்பணிக்குப் புதிதாக வரும் எல்லாருக்குமே, ஆளைக் கூட்டிவருவதுதான் வேலை என்று தோன்றும். காப்பகம் நடத்துகிறவர்களும் எத்தனை படுக்கை நிரம்பியது என்று கணக்குக் காட்ட வேண்டியவர்கள். அந்த அவசரம் மாணவர்களையும் தொற்றிக்கொள்ளும்.

பாரிமுனை, சவுகார்பேட்டை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் கடை வாசலில் படுக்கிற வயதானவர்களில் பலர் சும்மா படுப்பதில்லை. ஷட்டரை இறக்கிய பிறகு அந்தக் கடைக்கு அவர்தான் காவல். சம்பளம் என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். காலையில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார், முதலாளி டீக்கும் டிபனுக்கும் கொடுப்பார், தீபாவளிக்கு ஒரு வேட்டி. உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை வாங்கக் கைமாற்றாகக் கொஞ்சம் காசு. ஒரு வாரம் அவர் காப்பகத்தில் போய்ப் படுத்தால் அந்த வாசலில் வேறொருவர் படுத்திருப்பார். காப்பகத்தில் பாயும் மின்விசிறியும் சாப்பாடும் கிடைக்கும்தான். இந்த வாசல் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. உங்கள் பெரியவரின் நிலைமையும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, இப்படியும் இருக்கலாம் என்கிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனப் பிரிந்திருப்பதால், கணவனும் மனைவியும் சேர்ந்து தங்க முடிவதில்லை. மீசை முளைக்கிற வயதில் மகன் இருக்கும் தாய், அவனை எங்கே விட்டுவிட்டு வருவாள்? விடியற்காலை இரண்டு மணிக்கு லோடு இறக்கப் போகிறவருக்கு, இரவில் கேட்டைப் பூட்டும் இடம் தோதுப்படாது. குடிப்பழக்கம் உள்ளவர் உள்ளே விடமாட்டார்கள் என்றே வரமாட்டார். அப்புறம் பயம். தமிழ்நாட்டில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945-லிருந்து இருக்கிறது. பிடித்து வேனில் ஏற்றிப் போன கதைகள் பிளாட்பாரத்தில் தலைமுறை தாண்டியும் நிற்கும். டெல்லியில் இதே மாதிரிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்கே உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு பாரிமுனையில் படுத்திருப்பவர் காதுக்கு வந்திருக்குமா என்ன? கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இரவில் வந்து நிற்கும் நாலு பேரைப் பார்த்தால், அவருக்கு அந்த வேன்தான் ஞாபகம் வரும்.

வீடின்மை பற்றிய படிப்பு ஒரு மாணவரிடம் செய்யும் முதல் வேலை இதுதான் என்பேன். 'வரமாட்டேன்' என்பதைப் பிடிவாதமாகவோ அறியாமையாகவோ பார்க்காமல், அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளப் பழக்குகிறது. கணக்கு தப்பாகவும் இருக்கலாம், ஆனால் அது என்ன என்று தெரிந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். இந்தப் பழக்கம் கையில் வந்துவிட்டால் பள்ளிக்கு வராத பையன், மாத்திரை சாப்பிடாத நோயாளி, அடிக்கிற கணவனை விட்டு வராத பெண் என்று யாரிடம் போனாலும் கூடவே வரும்.

களப்பணி நாட்களில் ஒன்றை வடசென்னையில் பிளாட்பாரத்தில் குடும்பமாக வாழ்கிறவர்களிடம் கழிக்க முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். காப்பகத்துக்குள் மட்டும் இருந்தால் பாதிப் படம்தான் தெரியும். அங்கே மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருப்பவர்கள் உண்டு. கடை திறக்கும் முன்னால் தார்ப்பாயைச் சுருட்டிச் சுவரோடு கட்டிவிடுவார்கள். பாத்திரங்கள் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் போய்விடும். பத்து மணிக்கு அந்த இடத்தைப் பார்த்தால் இரவு ஒரு குடும்பம் அங்கே தூங்கியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். வயதுக்கு வந்த பெண்கள் விடிவதற்குள் குளித்து முடித்தாக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், இருட்டில் கழிப்பறைக்குப் போகத் துணை வேண்டுமே. கட்டணக் கழிப்பறைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் போகிற காசைக் கூட்டிப் பாருங்கள், வீட்டு வாடகை கொடுக்கிற நமக்கு இல்லாத ஒரு செலவு. மழை வந்தால் முதலில் எடுப்பது பாயை அல்ல, ரேஷன் கார்டும் ஆதாரும் பிள்ளைகளின் சான்றிதழும் இருக்கும் பிளாஸ்டிக் கவரை. சில வீடுகளில் அது பக்கத்துக் கடைக்காரரிடமே இருக்கும். (வீடுகளில் என்று எழுதிவிட்டேன். அங்கே பழகியவர்களுக்கு அப்படித்தான் வாயில் வரும்.)

இவர்கள் எல்லாரும் உழைக்கிறார்கள். பூ கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள். ஆக, உங்கள் அப்பாவின் கேள்விக்கு நேரடியான பதில்: உழைத்தாலும் கிடைக்காது.

ஆனால் அப்பாவிடம் இதை இப்படிச் சொல்லாதீர்கள். அவர் கேட்டது ஊரில் பெரும்பாலோர் கேட்பதுதான். அவர் பார்த்த உலகத்தில் அது நியாயமான கேள்வியும்கூட. உங்கள் ஊரில் ஒருவருக்கு வேலை போனாலோ, தறி நின்றாலோ, சித்தப்பா வீட்டு மாடியிலோ மாமனார் வீட்டுத் திண்ணையிலோ கொஞ்ச நாள் ஒண்டிக்கொள்ளலாம். அந்த மாடியும் திண்ணையும் தீர்ந்துபோனவர்கள்தான் தெருவுக்கு வருகிறார்கள். நோய், குடி, கடன், கணவன் சாவு, மனநலக் குறைவு, சாதி மாறிய கல்யாணம் என்று ஏதோ ஒன்று உறவை அறுத்துவிடுகிறது. அதன் பிறகு சென்னையில் ஒரு அறை எடுக்க வேண்டுமானால் அட்வான்ஸ் வேண்டும். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால். அந்தக் கடைசி வரிதான் சிக்கலே. தினக்கூலிக்காரர் மூன்று மாத வாடகையை ஒரே தவணையில் எங்கே போய்ப் புரட்டுவார்? புரட்டினாலும் "எந்த ஊரு, என்ன ஆளுங்க, யார் ஜாமீன்?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் வாதாட வேண்டாம். "நம்ம குடும்பம் ரொம்பக் கஷ்டப்பட்ட காலத்துல நம்மளைத் தாங்கினது யாருப்பா?" என்று கேளுங்கள். அநேகமாக ஒரு பெயர் சொல்வார், ஒரு கதை சொல்வார். அந்த ஆள் இல்லாமல் போயிருந்தால் என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடத் தேவையிருக்காது. படிப்பு உங்களுக்குக் கோபத்தைக் கொடுத்திருக்கிறது. கோபம் நல்லதுதான், ஆனால் அதை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் கொட்டினால் அவருக்கும் ஒன்றும் ஆகாது, தெருவில் இருப்பவருக்கும் ஒன்றும் ஆகாது. அது போக வேண்டிய இடங்கள் வேறு. மாநகராட்சிக் கூட்டம், வட்டாட்சியர் அலுவலகம், ரேஷன் கார்டு விண்ணப்பம் திரும்பி வந்த கவுண்டர்.

வகுப்பில் எண்ணிக்கைகள் வரும்போது தூங்கிவிடாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றோர் 17.73 லட்சம், அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். அவர்களை எண்ணியது பிப்ரவரி 28 என்ற ஒரே இரவில். அன்று இரவு மருத்துவமனை வராந்தாவில் நோயாளிக்குத் துணையாகப் படுத்தவர், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல்மேல் தூங்கியவர், போலீஸுக்குப் பயந்து இடம் மாறிப் படுத்த பெண் எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம். களத்தில் இருப்பவர்கள் அதை முழுக் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் படித்து வையுங்கள். உணவு உரிமைக்காக 2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கிலேதான் காப்பகங்களுக்கும் வழி பிறந்தது. 2009 டிசம்பரில், கடுங்குளிரில், டெல்லியில் ஒரு இரவுக் காப்பகத்தை மாநகராட்சி இடித்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நகரத்தில் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், வருடம் முழுக்க, இருபத்து நான்கு மணி நேரமும் என்ற அளவுகோல் அந்த வழக்கின் உத்தரவுகளில் வந்ததுதான். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கி, ஆளுக்கு 50 சதுர அடி என்றது. நீங்கள் வேலை செய்யும் காப்பகத்தை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். இது தெரிந்த பிறகு நீங்கள் அந்தப் பெரியவரிடம் பேசும் தொனியே மாறிவிடும். தர்மம் கொடுக்கப் போகிறவராக அல்லாமல், அவருக்குச் சேர வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது என்று தகவல் சொல்லப் போகிறவராக நிற்பீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, நாளைக்கு வேண்டும் என்று வரவும் உண்டு.

இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. மனநலம் பாதிக்கப்பட்டு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல், புண்ணில் புழு வைத்த நிலையில் ஒருவர் வரமாட்டேன் என்றால், அவர் இஷ்டம் என்று திரும்பி வந்துவிடக் கூடாது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவை உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவரைத் தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாமல் அலைபவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். பல காவல் நிலையங்களில் இது தெரியாது, பிரிவைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும். கணக்குப் போட்டு மறுக்கிறவர் யார், கணக்கே போட முடியாத நிலையில் இருப்பவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பாடம். வகுப்பில் அது வராது. அனுபவமுள்ளவரோடு இரவில் போய் உட்கார்ந்துதான் வரும்.

இன்னொன்று, 'குடும்பத்துடன் சேர்த்து வைத்தோம்' என்ற வரி. எல்லா ஆண்டறிக்கையிலும் இருக்கும், எனக்கு அதன்மேல் எப்போதும் கொஞ்சம் சந்தேகம். பல பேரை வெளியே தள்ளியதே அந்தக் குடும்பம்தான். ரயிலேற்றி விட்டு, மாலை போட்டுப் படம் எடுத்து, ஆறு மாதம் கழித்து ஒரு போன்கூடப் போடாவிட்டால் அது எப்படி வேலை முடிந்ததாகும்? மனநலம் பாதித்து வீடற்றுப்போனவர்களுக்காகச் சென்னையில் 1993-ல் தொடங்கிய பான்யன் அமைப்பு, திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள் விஷயத்தில் 2015 முதல் வேறு வழியில் போகிறது. மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் வாழ, உதவிக்கு ஒருவர் கூடவே இருக்கிறார். நியூயார்க்கில் 1992-ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியதும் இதற்குப் பக்கத்தில் வரும் யோசனைதான்: முதலில் குடியை விடு, மாத்திரை சாப்பிடு, அப்புறம் வீடு என்ற வரிசையைத் திருப்பிப் போட்டு, முதலில் வீட்டைக் கொடுத்தார். பாடத்தில் இது வரும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். வீடு எங்கே? சென்னையின் கோடியில் மறுகுடியமர்த்தும் இடங்களான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கிடைத்த பல குடும்பங்கள், வேலை பழைய இடத்திலேயே இருந்ததால் நகரத்துப் பிளாட்பாரத்துக்கே திரும்பி வந்தன. விடியற்காலையில் பூ வாங்கப் போக வேண்டியவருக்கு முதல் பஸ் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

உங்கள் தலைமுறைக்கென்று ஒரு எச்சரிக்கை. தெருவில் இருப்பவரைப் பிடித்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, 'முன் – பின்' என்று வீடியோ போடுகிற பழக்கம் பெருகியிருக்கிறது. பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அந்த மனிதரிடம் யாராவது கேட்டார்களா? அவர் மகள் அதை எங்காவது பார்த்தால்? அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு போகும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். "எத்தனையோ பேர் எழுதிட்டுப் போனாங்க, என்னா நடந்துச்சு?" என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நியாயமான கேள்வி. ஆய்வு முடிந்ததும் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அதே தெருவில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். அதைச் செய்கிற மாணவர்கள் ரொம்பக் குறைவு.

கண் பிளாட்பாரத்துக்கே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும். அது நோயல்ல, கொஞ்ச நாளில் பதற்றம் குறைந்து பார்வை மட்டும் நிற்கும். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஓய்வு நாளிலும் காப்பகத்துக்கு ஓடத் தோன்றுகிறது என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், களப்பணிக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். அதற்குத்தான் அந்த நோட்டு, மார்க்குக்கு மட்டுமல்ல. சொந்தக் காசைக் கொடுப்பது பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். டீ வாங்கிக் கொடுக்கலாம், வாங்கித் தந்தால் குடிக்கலாம். கடன் கொடுக்காதீர்கள்.

இனி எச்.ஆரா, மனநலமா. குற்ற உணர்ச்சியில் பிரிவு மாறாதீர்கள். எச்.ஆர். எடுப்பது யாரையும் கைவிடுவதாகாது. கம்பெனி வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எங்கே தூங்குகிறார், கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் எங்கே சமைக்கிறார்கள் என்று கேட்கிற எச்.ஆர். அதிகாரிகள் எத்தனை பேர்? வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஒப்பந்ததாரர் தங்குமிடம் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. 2025-ல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. தங்குமிடம் எங்கே என்று கேட்க அன்றும் ஆளில்லை, இன்றும் இல்லை. காப்பகத்தில் ஒரு செமஸ்டர் இருந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்பார். அதே சமயம், மேலே சொன்ன அந்தக் கஷ்டமான பாடம், யார் கணக்குப் போடுகிறார், யாரால் முடியவில்லை என்பது, உங்களை இழுக்கிறது என்றால் மருத்துவ, மனநலப் பிரிவுதான் உங்களுக்கு. அது இழுக்கிறதா என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் இதுவரை நீங்கள் இந்த ஒரு இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த செமஸ்டரில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் களப்பணி கேட்டு வாங்குங்கள். அங்கே வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போக இடமில்லாமல் நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். அதன் பிறகு படிவத்தில் டிக் அடியுங்கள். அப்பாவிடம் அதுவரை எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவரிடம் மறுபடி போங்கள், கூட்டமாக அல்ல, சூப்பர்வைசரோடு இரண்டு பேராக. கடை மூடும் நேரத்துக்குப் போனால் முதலாளியையும் பார்க்கலாம். காப்பகப் பேச்சை எடுக்காதீர்கள். அவருக்கு வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வீடில்லாதவர் படிவம் 6-ல் தான் தூங்கும் இடத்தையே முகவரியாகக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்து உறுதி செய்தால் போதும், முகவரிக்கு வேறு சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அதை நிரப்ப உதவுங்கள். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் அந்த அட்டை உதவும். அலுவலர் வருகிற இரவில் நீங்களும் அங்கே இருங்கள். பலர் வராமலே, வந்தோம் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.